புண்ணியகோடி: புலியிடம் சொன்ன சொல்லைக் காப்பாற்றிய பசு... எல்லை தாண்டிய பாட்டு இளையராஜா இசையில் அனிமேஷன் படமான கதை!

பசியோடு வழிமறித்த புலியிடம், "வீட்டில் கன்று பசியோடு இருக்கிறது. பால் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறது ஒரு பசு. புலி நம்பவில்லை. ஆனாலும் விட்டுவிடுகிறது. சொன்னபடியே பசு திரும்பி வந்து புலியின் முன்னால் நிற்கிறது. அப்புறம் என்ன நடந்தது?

கர்நாடகத்தில் பள்ளிக்கூடம் போன யாரைக் கேட்டாலும் இந்தக் கதையின் மீதியைச் சொல்லிவிடுவார்கள். அந்தப் பசுவின் பெயர் புண்ணியகோடி. அந்தப் பெயரிலேயே ஓர் அனிமேஷன் திரைப்படம் வந்து, 2020-இல் நெட்ஃப்ளிக்ஸில் வெளியானது. இசை நம்ம இளையராஜா. மொழியோ சமஸ்கிருதம்!

பேரிகை, பாகலூர், சூளகிரி போன்ற எல்லை ஊர்களில், பக்கத்து மாநிலத்தில் படித்த மருமகளோ, பெங்களூரில் வேலை பார்க்கும் அண்ணனோ இல்லாத வீடுகள் குறைவு. அப்படிப்பட்ட வீடுகளுக்கு இந்தப் பெயர் புதிதாக இருக்காது. தமிழ் மட்டுமே தெரிந்தவர்களில் பலருக்கு இது புதிய கதை. அந்தப் பாட்டு என்ன, படம் எப்படி உருவானது, தமிழில் இதற்கு இணை இருக்கிறதா, பிள்ளைகளுக்குக் காட்டும்போது எதைப் பேச வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

புண்ணியகோடி கதை என்ன?

கன்னடத்தில் 'கோவின ஹாடு' என்று ஒரு கதைப்பாட்டு இருக்கிறது. 'பசுவின் பாட்டு' என்று பொருள். வாய்மொழியாகப் பாடப்பட்டு வந்த இந்தப் பாட்டு, பிறகு பள்ளிப் பாடப்புத்தகங்களிலும் இடம்பிடித்தது. அதனால் கர்நாடகத்தில் தாத்தா, அப்பா, பேரன் என்று மூன்று தலைமுறைக்கும் ஒரே நேரத்தில் தெரிந்த பாட்டாக இருக்கிறது.

கதை இதுதான்:

• காளிங்கன் என்ற மாடு மேய்ப்பவர் மலையடிவாரத்தில் மாடுகளை மேய்க்கிறார். ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு பெயர். மரத்தடியில் உட்கார்ந்து புல்லாங்குழல் வாசித்து, பெயர் சொல்லி அழைத்தால் மாடுகள் ஓடி வந்துவிடும்.

• அதே மலையில் அர்புத என்ற புலி இருக்கிறது. பல நாள் பட்டினி. ஒருநாள் மந்தை மீது பாய்கிறது. மாடுகள் சிதறி ஓடுகின்றன.

• கன்றை நினைத்தபடி தனியாக வந்துகொண்டிருந்த புண்ணியகோடி மாட்டிக்கொள்கிறது. ஒரே ஒரு முறை கன்றுக்குப் பால் கொடுத்துவிட்டு வர அனுமதி கேட்கிறது.

• புலி சிரிக்காத குறை. கையில் சிக்கிய இரை, போய்விட்டுத் திரும்பி வருமா? பசு சத்தியம் செய்கிறது. புலி விட்டுவிடுகிறது.

• கொட்டகைக்குப் போன பசு, கன்றுக்குப் பால் கொடுத்து, நடந்ததைச் சொல்லி விடைபெறுகிறது. பிறகு நேராகப் புலியிடம் வந்து நிற்கிறது.

• அதைப் பார்த்த புலியால் பசுவைத் தொட முடியவில்லை. உடன்பிறந்த அக்காவைப் போன்ற இதை எப்படித் தின்பது என்று மனம் உடைந்து, மலையிலிருந்து குதித்து உயிரை விடுகிறது.

• பசு வீடு திரும்புகிறது. என் வம்சத்து மாடுகளும் உன் வம்சத்து மேய்ப்பர்களும் சங்கராந்திதோறும் கண்ணனை வணங்க வேண்டும் என்று காளிங்கனிடம் கேட்டுக்கொள்கிறது. பாட்டு முடிகிறது.

கண்ணீர் வரவைக்கும் இடம் எது?

பசு திரும்பி வரும் இடத்தைத்தான் பலரும் கதையின் உச்சம் என்பார்கள். ஆனால் பாட்டைக் கேட்பவர்கள் உடைந்துபோவது அதற்குச் சற்று முன்னால், கொட்டகைக்குள் நடக்கும் பேச்சில்.

இனி யாரிடம் பால் குடிப்பேன், யார் பக்கத்தில் படுப்பேன் என்று கேட்கிறது கன்று. புண்ணியகோடியிடம் அதற்குப் பதில் இல்லை. அது மற்ற மாடுகளின் பக்கம் திரும்புகிறது. அக்கா தங்கைகளே, இந்தப் பிள்ளை முன்னால் வந்தால் முட்டாதீர்கள், பின்னால் வந்தால் உதைக்காதீர்கள், உங்கள் பிள்ளையாக நினைத்துக்கொள்ளுங்கள் என்கிற பொருளில் கெஞ்சுகிறது.

மாடு வளர்த்தவர்களுக்கு இந்த வேண்டுதலின் கனம் உடனே புரியும். தாய் இல்லாத கன்றை வேறு மாடு எளிதில் அண்டவிடாது. மோந்து பார்க்கும், தன் கன்று இல்லை என்று தெரிந்ததும் காலை உதறும். தாய்ப்பசு செத்துப்போன வீட்டில், கன்றுக்குப் பால் ஊட்ட அடுத்த மாட்டைத் தாஜா செய்து பழக்கப் படும் பாடு கொஞ்ச நஞ்சமில்லை. பாட்டைக் கட்டியவர்கள் மாட்டோடு வாழ்ந்தவர்கள் என்பதற்கு இந்த ஒரு இடமே சாட்சி.

அதனால்தான் இது சத்தியத்தின் கதை என்பதோடு நிற்கவில்லை. ஒரு தாய், தன் பிள்ளையைக் கொட்டகையில் இருக்கும் தோழிகளை நம்பி விட்டுவிட்டுப் போகிற கதையும் இதுதான்.

பாட்டு ஒரு நாவலாகவும் படமாகவும் மாறியது

அனிமேஷனுக்கு முன்பே இந்தப் பாட்டு கன்னட இலக்கியத்திலும் சினிமாவிலும் நுழைந்துவிட்டது. எழுத்தாளர் எஸ்.எல்.பைரப்பா 1968-இல் எழுதிய 'தப்பலியு நீனாதே மகனே' நாவலின் தலைப்பே, கொட்டகையில் தாய்ப்பசு கன்றிடம் பேசும் இடத்திலிருந்து எடுக்கப்பட்டது. 'மகனே, நீ அநாதையாகிவிட்டாயே' என்று பொருள்.

பாட்டில் வரும் காளிங்கனின் வம்சம் என்று சொல்லிக்கொள்ளும் ஒரு கிராமத்துக் குடும்பம். அமெரிக்காவில் படித்துவிட்டு, அந்த நாட்டுப் பெண்ணை மணந்து திரும்பும் பேரன். மாடு தெய்வமா, பொருளாதாரமா என்ற மோதல். இதுதான் நாவல். கிரீஷ் கர்னாட், பி.வி.காரந்த் இருவரும் இதைக் கன்னடத்தில் படமாக்கினார்கள். இந்தியில் 'கோதூளி' என்ற பெயரில் வந்தது. இரண்டுமே 1977-இல்.

இந்தப் பெயர் அரசுத் திட்டம் வரைக்கும் போயிருக்கிறது. கோசாலைகளில் உள்ள மாடுகளைப் பொதுமக்கள் தத்தெடுத்துப் பராமரிப்புச் செலவை ஏற்பதற்காகக் கர்நாடக அரசு 2022-இல் தொடங்கிய திட்டத்தின் பெயர் 'புண்ணியகோடி தத்து யோஜனே'.

அனிமேஷன் படம் எப்படி உருவானது?

படத்தை எழுதி இயக்கியவர் பெங்களூரைச் சேர்ந்த ரவிசங்கர் வி. ஐடி துறையில் வேலை பார்த்தவர். பெரிய தயாரிப்பு நிறுவனம் எதுவும் பின்னால் இல்லாமல் தொடங்கிய முயற்சி இது.

கவனிக்க வேண்டிய விஷயங்கள்:

• கூட்டு நிதி: இணையத்தில் பொதுமக்களிடம் பணம் திரட்டும் 'விஷ்பெர்ரி' தளம் வழியாகப் படத்துக்கு நிதி சேர்க்கப்பட்டது. முகம் தெரியாதவர்கள் தங்களால் முடிந்ததைக் கொடுத்தார்கள்.

• இசை: இளையராஜா. தமிழில் 2007-இல் வந்த 'இனிமே நாங்கதான்' அனிமேஷன் படத்துக்கும் அவர்தான் இசை. ஆக, அனிமேஷன் அவருக்குப் புதிது இல்லை.

• குரல்: பின்னணிக் குரல் கொடுத்தவர்களில் நடிகை ரேவதியும் ஒருவர்.

• மொழி: சமஸ்கிருதத்தின் முதல் அனிமேஷன் திரைப்படம் என்று இது அறியப்படுகிறது. சமஸ்கிருதத்தில் முழுநீளப் படம் என்பதே அரிது. ஜி.வி.ஐயர் 1983-இல் எடுத்த 'ஆதி சங்கராச்சாரியா'தான் அதில் முதல் படம். சிறந்த படத்துக்கான தேசிய விருதும் வாங்கியது.

பாட்டில் இருப்பது ஒரு பசு, ஒரு கன்று, ஒரு புலி, ஒரு மேய்ப்பர். ஒரு முழுப் படத்துக்கு இது போதாது இல்லையா? அதனால் படம் சுற்றியிருக்கும் கிராமத்தையும் காட்டையும் கதைக்குள் கொண்டுவருகிறது. மனிதனின் ஆசை, காடு, காட்டை நம்பியிருக்கும் உயிர்கள் என்று கதை விரிகிறது. புலி ஏன் ஊர்ப்பக்கம் வந்தது என்ற கேள்வி பாட்டில் இல்லை. படத்தில் அதுதான் முக்கியம். படத்தின் முடிவைப் பார்க்காதவர்களுக்காக இங்கே விட்டுவிடலாம்.

ஹாலிவுட் அனிமேஷனின் பளபளப்பை எதிர்பார்த்து உட்கார்ந்தால் ஏமாற்றமாக இருக்கும். சிறிய பட்ஜெட்டில், கையால் வரைந்த படப் புத்தகத்தைப் புரட்டுகிற உணர்வு தரும் படம். மொழி தெரியாவிட்டாலும் சப்டைட்டிலோடு கதை ஓடிவிடும். படிக்கத் தெரியாத சின்னப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து யாராவது சொல்ல வேண்டும். அதுவும் நல்லதுதான்.

பேரிகைக்கும் இந்தக் கதைக்கும் என்ன தொடர்பு?

ஓசூரிலிருந்து பாகலூர் வழியாகப் பேரிகைக்கு வந்து, அதே சாலையில் இன்னும் கொஞ்ச தூரம் போனால் கர்நாடகத்தின் மாலூர் வட்டம் வந்துவிடும். வரைபடத்தில் இருக்கும் கோடு பேச்சில் கிடையாது. சந்தையில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கலந்து ஓடும். ஓசூர் வட்டாரத்தில் தெலுங்கு, கன்னட வழியில் பாடம் நடத்தும் பள்ளிகளும் உண்டு. மாலூர் வட்டத்தில் இருக்கும் மாஸ்தி என்ற ஊரின் பெயரைச் சுமந்த மாஸ்தி வெங்கடேச ஐயங்காரின் வீட்டு மொழி தமிழ். அவர் எழுதியதோ கன்னடம். 1983-ஆம் ஆண்டுக்கான ஞானபீட விருது பெற்றார். இந்த மண்ணில் மொழிகள் எப்படி உறவாடுகின்றன என்பதற்கு அவரே உதாரணம்.

மாடும் அப்படித்தான். கர்நாடகத்தின் ஹள்ளிகார் காளை இந்தப் பக்கமும் வளர்க்கப்படுகிறது. இந்தப் பக்கத்து ஆலம்பாடி மாடும் அந்த இனத்துக்கு உறவுதான். பொங்கலை ஒட்டிக் கிருஷ்ணகிரி மாவட்டக் கிராமங்களில் எருது விடும் விழா களைகட்டும். ஓசூர் மத்திகிரியில் இருக்கும் மாவட்டக் கால்நடைப் பண்ணை 1824-இல் கிழக்கிந்திய கம்பெனி காலத்தில் குதிரைகளுக்காகத் தொடங்கப்பட்டு, பிறகு கால்நடைப் பண்ணையானது. இரண்டு நூற்றாண்டைத் தாண்டிவிட்டது.

ஆனால் காலம் மாறிவிட்டது. ஓசூர் சிப்காட், சூளகிரி சிப்காட் என்று தொழிற்சாலைகள் வந்தன. ராகி விளைந்த நிலத்தில் பசுமைக்குடில் ரோஜாவும், குடோன்களும், மனைப்பிரிவுகளும் வந்துவிட்டன. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஓடிவரும் மந்தை இப்போது சில வீடுகளில்தான். பல பிள்ளைகளுக்குப் பசு என்றால் பால் பாக்கெட்டில் இருக்கும் படம்.

புலியின் பக்கமும் கதை மாறியிருக்கிறது. பாட்டில் புலி வந்த இடத்தில் இந்த மாவட்டத்தில் இப்போது யானை வருகிறது, சிறுத்தை வருகிறது. ஒவ்வோர் ஆண்டும் ராகி முற்றும் நேரத்தில் பன்னேருகட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, சானமாவு வழியாக நகர்வது செய்தியாகிறது. பயிர் போகிறது. சில நேரம் மனித உயிரும் போகிறது. மின்வேலியில் சிக்கி யானையும் சாகிறது.

காட்டைக் காக்க 2014-இல் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயமும், 2022-இல் 686 சதுர கிலோமீட்டரில் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயமும் அறிவிக்கப்பட்டன. அதே 2022-இல் தமிழ்நாட்டு வனப்பகுதிகளில் கால்நடை மேய்ச்சலுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. பிறகு அந்தத் தடை, புலிகள் காப்பகம், தேசியப் பூங்கா, சரணாலயம் ஆகியவற்றுக்கு மட்டும் என்று திருத்தப்பட்டது. மலையோர மாட்டுக்காரர்களுக்கு இது பிழைப்புப் பிரச்சினை. காட்டு விலங்குகளுக்கு இது வாழிடப் பிரச்சினை.

ஆக, காளிங்கன் மாடு மேய்த்த மலையில் யார் இருக்கலாம், யார் எவ்வளவு உள்ளே போகலாம் என்ற கேள்வி இன்றைக்கும் முடியவில்லை. பாட்டில் அதைப் பசுவும் புலியும் பேசித் தீர்த்துக்கொண்டன. இப்போது கோர்ட்டும் வனத்துறையும் ஊர்க்கூட்டமும் பேசுகின்றன.

தமிழில் இப்படி ஒரு கதை இருக்கிறதா?

இருக்கிறது. அதுவும் பலர் எதிர்பார்க்காத இடத்தில்.

உமறுப்புலவர் 17-ஆம் நூற்றாண்டில் எழுதிய சீறாப்புராணத்தில் 'மானுக்குப் பிணை நின்ற படலம்' என்று ஒரு பகுதி வருகிறது. வேடனிடம் சிக்கிய ஒரு பெண்மான், குட்டிக்குப் பால் கொடுத்துவிட்டு வருவதாகக் கெஞ்சுகிறது. வேடன் நம்பவில்லை. அப்போது நபிகள் நாயகம் அந்த மானுக்குப் பிணையாக நிற்கிறார். மான் போய், பால் கொடுத்து, சொன்னபடி குட்டியோடு திரும்பி வருகிறது. வேடன் மனம் மாறுகிறான்.

கன்னட மேய்ப்பர் பாட்டிலும், தமிழ் இஸ்லாமியக் காப்பியத்திலும் கிட்டத்தட்ட ஒரே கதை! ஒரு வித்தியாசம் முக்கியமானது. புண்ணியகோடிக்கு ஜாமீன் நிற்க யாரும் இல்லை. அதன் சொல்தான் ஜாமீன். மானுக்கோ ஒரு பெரிய மனிதர் பிணை நிற்கிறார். மான் வராவிட்டால் பழி அவர் மேல். நம்பிக்கை என்பது நம்புகிறவருக்கும் ஆபத்து என்பதைத் தமிழ்க் கதை கூடுதலாகச் சொல்லிவிடுகிறது.

இந்தக் கதைக்கு வடக்கிலும் சொந்தக்காரர்கள் உண்டு. பத்ம புராணத்தில் நந்தா என்ற பசு இதே போலப் புலியிடம் வாக்குக் கொடுத்துத் திரும்புகிறது. அங்கே புலி, சாபத்தால் உருமாறிய அரசன். குஜராத் பக்கம் பகுளா என்ற பசுவும் சிங்கமும் வரும் கதையை ஒட்டி ஒரு விரத நாளே இருக்கிறது. அன்றைக்குப் பசும்பாலைத் தொடமாட்டார்கள், அது கன்றுக்கு.

பசு என்றதும் தமிழர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது மனுநீதிச் சோழன். திருவாரூரில் தேர்க்காலில் சிக்கிக் கன்று இறக்க, தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அடித்து நீதி கேட்டது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். திருவாரூர்ப் பசுவுக்கு ஓர் அரசன் இருந்தான், அடிக்க ஒரு மணி இருந்தது. புண்ணியகோடிக்கு இரண்டும் இல்லை.

பன்றிக்குட்டியும் சிலந்தியும்: அமெரிக்கக் கொட்டகையில் ஒரு தோழமை

பண்ணை விலங்குகளின் நட்பு என்றால் உலகம் முழுக்கப் பிள்ளைகள் சொல்லும் பெயர் 'சார்லட்ஸ் வெப்'. இ.பி.ஒயிட் 1952-இல் எழுதிய நாவல். 'ஸ்கூபி டூ'வைத் தந்த ஹன்னா-பார்பரா நிறுவனம் 1973-இல் இதை அனிமேஷன் படமாக்கியது. 2006-இல் நடிகர்களை வைத்து இன்னொரு படமும் வந்தது.

வில்பர் என்ற பன்றிக்குட்டி இறைச்சிக்காக வெட்டப்படப்போகிறது. அதே கொட்டகையின் மூலையில் இருக்கும் சார்லட் என்ற சிலந்தி, அதைக் காப்பாற்றுவதாக வாக்குக் கொடுக்கிறது. எப்படி? வலையில் எழுத்துகளைப் பின்னுகிறது. இது சாதாரணப் பன்றி இல்லை என்ற பொருளில் வலையில் எழுதியிருப்பதைப் பார்த்து ஊரே கூடிவிடுகிறது. வில்பர் தப்பிக்கிறது. ஆனால் முட்டையிட்ட சார்லட் இறந்துபோகிறது. அந்த முட்டைப் பையைப் பத்திரமாகக் கொட்டகைக்குக் கொண்டுவந்து காப்பது வில்பர்தான். 514 குஞ்சுகள்!

கன்னடப் பசுவுக்கும் அமெரிக்கச் சிலந்திக்கும் தூரத்து உறவுகூடக் கிடையாது. ஆனால் இரண்டு கதைகளும் ஒரே இடத்தில் நிற்கின்றன:

• இரண்டிலும் கத்தி தொங்குவது ஒரு வீட்டு விலங்கின் கழுத்துக்கு மேல்.

• இரண்டிலும் காப்பாற்றுவது பலம் இல்லை, சொல். சார்லட் எழுதிய சொல். புண்ணியகோடி கொடுத்த சொல்.

• இரண்டிலும் ஒரு தாய், நான் போன பிறகு என் பிள்ளைகளை யார் பார்ப்பார்கள் என்று கவலைப்படுகிறாள். இரண்டிலும் பதில், பக்கத்தில் கட்டியிருக்கும் இன்னொரு விலங்கு.

தமிழ் சினிமாவும் விலங்கு நட்பை விட்டுவைக்கவில்லை. தேவர் பிலிம்ஸின் யானைப் படங்களும், 1977-இல் வந்த 'ஆட்டுக்கார அலமேலு'வும் தியேட்டர்களை நிறைத்தவை. ஆனால் அவற்றில் விலங்கு மனிதனுக்குத்தான் நண்பன். ஆபத்தில் ஓடிவந்து முதலாளியைக் காப்பாற்றும். ஒரு விலங்குக்கு இன்னொரு விலங்கு துணை நிற்கிற கதை அபூர்வம். 'புண்ணியகோடி' தனித்து நிற்பது அங்கேதான்.

புலி ஏன் சாக வேண்டும்?

பாட்டைக் கேட்ட பிள்ளைகளில் யாராவது ஒருவர் இதைக் கேட்காமல் இருக்கமாட்டார்கள். நியாயமான கேள்வி.

புலி சாப்பிடுவது இறைச்சி. அது பாவம் இல்லை, அதன் உடம்பு அப்படி. புல் தின்று புலியால் வாழ முடியாது. பசி எடுத்த புலி இரை தேடியதற்குத் தண்டனை மரணமா? சொல்லைக் காப்பாற்றியது பசு. ஆனால் உயிரைக் கொடுத்தது புலி. இரையை நம்பி அனுப்பியதும், கடைசியில் பசியோடு செத்ததும் அதுதான். உண்மையில் இந்தக் கதையில் பெரிய தியாகம் யாருடையது?

மாடு மேய்த்துப் பிழைத்த சமூகத்தின் பாட்டு இது. அவர்களுக்குப் புலி என்றால் இழப்பு. அதனால் புலி செத்தால்தான் கதை சுபமாக முடியும். அன்றைய நிலைமையில் அது புரிந்துகொள்ளக்கூடியதுதான். இன்றைக்குப் புலி அழிந்துவிடாமல் காக்க வேண்டிய விலங்கு. 1973-இல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கிய நாடு இது. அதனால் பழைய முடிவை அப்படியே சொல்லிவிட்டு நகர்வது இன்றைய பிள்ளைகளிடம் எடுபடாது. படம் காட்டைப் பற்றியும் மனிதனின் ஆசையைப் பற்றியும் பேசுவதற்குக் காரணம் இதுதான்.

இன்னொரு கேள்வியும் உண்டு. உயிருக்கு ஆபத்து என்றால் ஓடித் தப்பிப்பதுதானே புத்திசாலித்தனம்? மிரட்டுகிறவனிடம் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டுமா? இதையும் பேச வேண்டும். கதையில் வருவது உவமை. நிஜத்தில் யாராவது மிரட்டி, யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கினால், அந்தச் சத்தியத்தை உடைத்து வீட்டில் சொல்வதுதான் சரி. 'சத்தியம் தவறாதே' என்று பிள்ளைகளிடம் சொல்லும் வீடுகள், இந்த விதிவிலக்கையும் சேர்த்தே சொல்லிக்கொடுக்க வேண்டும். உதவிக்கு 1098 என்ற சிறார் உதவி எண்ணும் இருக்கிறது.

பிள்ளைகளோடு பார்க்கும்போது...

• முதலில் கதையை வாயால் சொல்லுங்கள். வீட்டில் கன்னடம் தெரிந்த பெரியவர்கள் இருந்தால் பாட்டைப் பாடச் சொல்லுங்கள். ராகம் காதில் ஏறிய பிறகு படம் பார்த்தால் ஒட்டிக்கொள்ளும்.

• கன்று அழும் இடத்தில் சின்னப் பிள்ளைகள் கலங்குவார்கள். படத்தை ஓட்டிவிடாமல், நிறுத்திப் பேசுங்கள்.

• நீ புலியாக இருந்தால் பசுவை விட்டிருப்பாயா என்று கேட்டுப் பாருங்கள். பசுவாக இருந்தால் என்ன செய்வாய் என்ற கேள்வியைவிட இதற்குத்தான் சுவாரஸ்யமான பதில்கள் வரும்.

• கொட்டகையில் இருந்த மற்ற மாடுகளைப் பற்றியும் கேளுங்கள். அவை யாருக்கும் சத்தியம் செய்யவில்லை. ஆனால் கன்றைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவற்றின் மீதுதான் வந்தது.

• ஓடிடி தளங்களில் படங்கள் வரும், போகும். உங்கள் கணக்கில் இப்போது இருக்கிறதா என்று 'புண்ணியகோடி' என்று தேடிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு பார்வையில்

• பாட்டு: 'கோவின ஹாடு', கன்னட நாட்டுப்புறக் கதைப்பாட்டு

• படம்: 'புண்ணியகோடி', சமஸ்கிருத அனிமேஷன், 2020

• இயக்கம்: ரவிசங்கர் வி.

• இசை: இளையராஜா

• தமிழ் இணை: சீறாப்புராணத்தின் 'மானுக்குப் பிணை நின்ற படலம்'

வாக்கைக் 'காப்பாற்றுவது' என்கிறோம். உயிரைக் 'காப்பாற்றுவது' என்கிறோம். தமிழில் இரண்டுக்கும் ஒரே வினைச்சொல். புண்ணியகோடி கதையிலும் இரண்டும் ஒன்றாகவே நடக்கின்றன. பசு வாக்கைக் காப்பாற்றியது, அந்த வாக்கு பசுவைக் காப்பாற்றியது. காப்பாற்றப்படாமல் போனது புலி மட்டும்தான். அந்தப் புலிக்கும் சேர்த்து ஒரு முடிவைக் கண்டுபிடிக்கும் வேலை, இந்த மலையோர ஊர்களில் இப்போது வளர்ந்துகொண்டிருக்கும் பிள்ளைகளிடம் வந்து நிற்கிறது.